இரும்பு வளையும் வயது

எங்கள் பகுதிப் பாடசாலைகளின் பரிசளிப்பு விழாக்களில் உரையாற்றுபவர்கள் பெரும்பாலும் ஒரே பழமொழியோடுதான் தொடங்குகிறார்கள்: ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா. அதைத் தொடர்ந்து, பிள்ளைகளை இளமையிலேயே நல்ல அச்சில் வார்த்தெடுக்க வேண்டும் என்றும், வாழ்க்கை கொடுக்கும் அடிகளைத் தாங்கித் தாங்கி அவர்கள் இரும்பாக வேண்டும் என்றும் சொல்கிறார்கள். மட்டக்களப்பில் நெடுங்காலம் உலோகவேலைப் பாடம் கற்பித்த எனக்கு இந்தப் பேச்சு எப்போதும் ஒரு தயக்கத்தைத் தருகிறது. அந்தப் பழமொழி மரக்கிளையைப் பார்த்துச் சொல்லப்பட்டதாக இருக்க வேண்டும். கம்மாலைக்குள் ஒரு நாளாவது நின்ற எவரும் இரும்பைப் பற்றி அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். மனிதரின் குணத்துக்கு இரும்பை உவமையாக்குவதானால், எந்த இரும்பு, எந்த நிலையில் உள்ள இரும்பு என்று கேட்பதுதான் முறை. ஏனென்றால் ஒரே உலோகம், அதற்குள் இருக்கும் காபனின் அளவாலும், அதைச் சூடாக்கிக் குளிரவிட்ட விதத்தாலும், ஒன்றுக்கொன்று முற்றிலும் மாறான குணங்களைக் காட்டக்கூடியது.

வார்ப்பிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதைத்தான் அதிகம் பேசுகிறார்கள். வார்ப்பு வேலையில் முதலில் செய்யப்படுவது அச்சு. மரத்தில் செதுக்கிய மாதிரியுரு ஒன்றைக் களியும் ஈரமும் சேர்ந்த மணலுக்குள் வைத்து இறுக்கி, பிறகு அந்த மாதிரியை மெதுவாக எடுத்துவிட்டால், அதன் வடிவில் ஒரு வெற்றிடம் எஞ்சும். தூய இரும்பு உருகுவதற்கு 1538 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். ஆனால் நூற்றுக்கு 2 முதல் 4 பங்கு வரை காபன் சேர்ந்த வார்ப்பிரும்பு ஏறத்தாழ 1150 முதல் 1200 பாகைக்குள்ளேயே உருகி, நீரைப்போல ஓடி, அந்த வெற்றிடத்தின் மூலை முடுக்கெல்லாம் நிறைந்துவிடும். ஆறும்போது அது சுருங்கும் என்பதால் மாதிரியை நூற்றுக்கு ஒரு பங்கு அளவில் பெரிதாகவே செய்வார்கள். உள்ளே பிறக்கும் வாயு வெளியேறுவதற்கு மணலில் சிறு துளைகளையும் விட்டுவைப்பார்கள். அந்தத் துளைகளை மறந்துவிட்டால், வெளியே பார்வைக்குக் குறையில்லாத வார்ப்பின் வயிற்றுக்குள் காற்றுப் பொந்துகள் தங்கிவிடும். சுருங்குவதற்கும் மூச்சு விடுவதற்கும் இப்படி இடம் வைத்துத்தான் நல்ல வார்ப்பாளர் அச்சுச் செய்கிறார். பிள்ளைகளை வார்க்க வேண்டும் என்று பேசுகிறவர்கள் இந்த இரண்டு இடங்களையும் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

வார்ப்பிரும்பு மட்டமான பொருள் என்று நான் சொல்ல வரவில்லை. நம் அம்மாமார் மிதித்துத் தைத்த பழைய தையல் மெசின்களின் கால்ச்சட்டங்கள் வார்ப்பிரும்புதான். அமுக்கும் பாரத்தை அது நன்றாகவே தாங்கும். ஆனால் வளைப்பதற்கோ இழுப்பதற்கோ அது இணங்காது. கீழே விழுந்தால் வெடிக்கும், வெடித்ததை ஒட்டவைப்பதும் எளிதன்று. இன்னொரு செய்தியும் உண்டு. உருகிய வார்ப்பிரும்பை விரைவாகக் குளிரவைத்தால் அது வெண்ணிறமாக உறைந்து, அரத்துக்கும் மசியாத கடினத்தையும் கண்ணாடியின் நொறுங்கும் தன்மையையும் ஒன்றாக அடைகிறது. மெதுவாகக் குளிர விட்டால் அதே இரும்பு சாம்பல் நிறமடைந்து, கடைந்து துளைத்து வேலை செய்யக்கூடியதாகிறது. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்காகப் பத்து வயதுப் பிள்ளைகளை விடியற்காலையில் எழுப்பி, மாலையில் மேலதிக வகுப்புகளுக்கு அனுப்பி, ஒரே வருடத்தில் உறையவைத்துவிட வேண்டும் என்று துடிக்கிற பெற்றோரைக் காணும்போது எனக்கு இந்த வெள்ளை வார்ப்பிரும்புதான் நினைவுக்கு வருகிறது. அவர்களுடைய அன்பில் எனக்குச் சந்தேகமில்லை; அவர்கள் அவசரத்தின் விளைவைப் பற்றித்தான் கவலைப்படுகிறேன்.

கம்மாலை வேறு வகையான இடம். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைப் பக்கத்துக் கம்மாலைகளில் நான் பையனாக நின்று பார்த்த வேலையில் அச்சு என்ற ஒன்றே இருக்கவில்லை. துருத்தியால் கரியை மூட்டி, குறட்டில் பிடித்த இரும்பைச் செந்நிறமாகக் காய்ச்சி, பட்டடையில் வைத்துச் சம்மட்டியால் அடித்து, குளிர்ந்ததும் மறுபடி உலைக்குள் வைத்து, மறுபடி எடுத்து அடித்து, அந்த இரும்போடு உரையாடுவது போலத்தான் கொல்லர் வேலை செய்வார். மண்வெட்டி தேய்ந்தால் நுனியில் புது இரும்பைப் பொருத்திக் கொடுப்பார். மழுங்கிய கோடரியைக் காய்ச்சி இழுத்து மீண்டும் முனையாக்குவார். அறுவடைக் காலம் நெருங்கும்போது கதிர் அறுக்கும் தாக்கத்தி செய்யவும் பல்லு வெட்டவும் வருகிறவர்கள் வாசலில் வரிசையாகக் குந்தியிருப்பார்கள். வெட்டு மெசின் வந்த பிறகு அந்த வரிசை இல்லாமற் போய்விட்டது. நல்ல கத்திக்குக் கொல்லர்கள் தேடியது லொறிகளில் உடைந்து கழிக்கப்பட்ட வில்லுத்தகட்டை. எத்தனையோ வருடங்கள் பாரம் சுமந்து, குண்டும் குழியுமான வீதிகளில் அதிர்ந்து, கடைசியில் முறிந்துபோன அந்தத் தகடு, செந்நிறமாகக் காய்ந்து அடிபட்டபோது தன் பழைய வளைவை முற்றாக விட்டுக்கொடுத்துக் கத்தியானது. காய்ந்த இரும்புக்கு வயது கிடையாது. ஐம்பது வருடம் பழைய இரும்பும் புது இரும்பும் 900 பாகை வெப்பத்தில் ஒரே மாதிரித்தான் வளைகின்றன.

மனிதருக்கு இது பொருந்துமா என்று கேட்பவர்களுக்கு நம் மண்ணிலேயே ஒருவரைக் காட்டலாம். 1892 இல் காரைதீவில் பிறந்த மயில்வாகனம், 1916 இல் விஞ்ஞானத்தில் டிப்புளோமாவும் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பட்டமும் பெற்று, விஞ்ஞான ஆசிரியராகவும் பாடசாலை அதிபராகவும் இருந்தவர். முப்பது வயதில் அந்த வாழ்க்கையை விட்டுச் சென்னையில் இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து, 1924 இல் துறவு பூண்டு விபுலாநந்தரானார். பிறகு ஊருக்குத் திரும்பி மட்டக்களப்பின் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை 1929 இல் தொடங்கினார். 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார்; 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் அதே பொறுப்பை முதலில் ஏற்றவர் அவரே. இதற்கிடையில், நாற்பதைக் கடந்த வயதில், பழந்தமிழரின் யாழ்களைப் பற்றிய ஆராய்ச்சியில் மூழ்கி, ஐம்பத்தைந்தாவது வயதில், 1947 இல் யாழ் நூலை வெளியிட்டார். அதே வருடத்தில் காலமானார். அந்த நூலைத் திறந்து பார்ப்பவர்கள் அதில் கணிதத்தையும் ஒலியியலையும் காண்பார்கள். இளமையில் படித்த விஞ்ஞானம் துறவியிடமிருந்து போய்விடவில்லை. வேறு வடிவத்தில் வேலைக்கு வந்தது. வளைவது என்றால் முன்னிருந்ததை இழப்பது என்று அஞ்சுகிறவர்களுக்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

அடித்து வடிவாக்கிய கத்தி அத்தோடு முடிந்துவிடுவதில்லை. முனை வளையாமல் நிற்பதற்கு அதைக் கடினமாக்க வேண்டும். உருக்கை, அதாவது அளவான காபன் சேர்ந்த இரும்பை, 727 பாகைக்கு மேல் காய்ச்சும்போது அதிலுள்ள காபன் இரும்புக்குள் கரைகிறது. அந்த நிலையில் சட்டென்று நீரிலோ எண்ணெயிலோ தோய்த்தால், வெளியேற நேரமில்லாமல் காபன் உள்ளேயே சிக்கிக்கொள்ள, இரும்பின் உள்ளமைப்பு இழுபட்டுத் திரிந்து மிகக் கடினமாகிவிடுகிறது. பார்ப்பவர்களுக்கு அந்த நீராவியும் சீறலும்தான் வேலையின் உச்சம். ஆனால் அந்த நிலையில் உள்ள கத்தியைச் சீமெந்துத் தரையில் போட்டால் இரண்டாக உடைந்துவிடக்கூடும். ஆகையால் நல்ல கொல்லர் தோய்த்த உடனே இன்னொரு வேலை செய்வார். கத்தியின் ஒரு பக்கத்தைக் கல்லில் தேய்த்துப் பளபளப்பாக்கி, மறுபடியும் மெல்லிய சூட்டில் காட்டுவார். 200 பாகையைத் தாண்டும்போது பளபளத்த இடத்தில் வைக்கோல் நிறம் தோன்றும். சூடு ஏற ஏற அது கபிலமாகி, ஊதாவாகி, 300 பாகை அளவில் நீலமாகும். சிக்கியிருந்த காபனில் ஒரு பங்கு விடுபட, உள்ளே இருந்த இழுவிசை தணிகிறது. வேண்டிய நிறம் முனைக்கு வந்ததும் சூட்டை நிறுத்திவிடுவார். கடினத்தில் சிறிதை விட்டுக்கொடுத்து, அதற்குப் பதிலாக உடையாத தன்மையை வாங்கிக்கொள்கிற இந்த வேலைக்குத்தான் பதம் என்று பெயர்.

எந்த நிறத்தில் நிறுத்துவது என்பதற்குப் பொதுவான விடை இல்லை. நான் கத்தி செய்விக்கப் போன காலத்தில், அங்கிருந்த முதிய கொல்லர் தோய்ப்பதற்கு முன்பு எப்போதும் கேட்பார்: "இது என்னத்துக்கு மனே, இறைச்சி வெட்டவா, கம்பு வெட்டவா?" இறைச்சிக்கு என்றால் வைக்கோல் நிறத்திலேயே நிறுத்திவிடலாம், காட்டுக் கம்பில் மோத வேண்டிய கத்தி நீலத்தை நெருங்க வேண்டும், இல்லாவிட்டால் முனை பெயர்ந்துவிடும். வில்லுத்தகடு இன்னும் மென்மையான பதத்தில் இருந்தால்தான் சுமைக்கு வளைந்து நிமிரும். எல்லாப் பிள்ளையையும் ஒரே உறுதிக்குக் கொண்டுவர முயல்கிற ஆசிரியர்கள் அந்தக் கேள்வியை ஒவ்வொரு பிள்ளையின் முகத்தையும் பார்த்து மனதுக்குள் கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன். வகுப்பில் எதற்கும் அசையாத பையனைக் கெட்டிக்காரன் என்றும், ஒரு சொல்லுக்குக் கண் கலங்குகிற பையனைப் பலவீனன் என்றும் நானே சில சக ஆசிரியர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அசையாதவன் தோய்த்த நிலையில் மட்டுமே நிற்கிறான் என்பதும், அவனுக்குத்தான் முதலில் மெல்லிய சூடு வேண்டும் என்பதும் அவர்கள் கண்ணில் படவில்லை.

இங்கே நான் அழுத்தமாகச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. யுத்தத்தையும் 2004 டிசம்பர் 26 ஆம் திகதி வந்த சுனாமியையும் மேடைகளில் உலை என்று வருணிக்கிறார்கள். அந்த நெருப்பில் புடம் போடப்பட்டு எங்கள் மக்கள் உருக்காகிவிட்டார்கள் என்று பாராட்டுகிறார்கள். பாராட்டுகிற நோக்கம் நல்லதாக இருக்கலாம், ஆயினும் அந்த உவமையை என்னால் ஏற்க முடியவில்லை. உலைக்கு முன்னால் ஒருவர் நிற்கிறார். நிறத்தைப் பார்க்கிறார், எப்போது எடுக்க வேண்டும் என்று அறிந்திருக்கிறார், அந்த இரும்பிலிருந்து ஒன்று உருவாக வேண்டும் என்ற அக்கறை அவருக்கு இருக்கிறது. எவரும் பார்த்துக்கொள்ளாத நெருப்பில் இரும்பைக் கிடக்கவிட்டால் அது அளவு மீறிக் காய்ந்து, பொறி பறந்து, உள்ளே மணிமணியாகப் பிரிந்து கருகிவிடும். அப்படிக் கருகியதை எந்தச் சம்மட்டியாலும் மீட்க முடியாது, வெட்டி எறியத்தான் வேண்டும். இலங்கையின் சமனலவெவப் பகுதியில் 7 ஆம் நூற்றாண்டு முதல் 11 ஆம் நூற்றாண்டு வரை காற்றாலேயே இயங்கிய இரும்பு உலைகள் இருந்ததைத் தொல்லியலாளர் ஜில் ஜூலெஃப் அகழ்ந்து கண்டு, அதே அமைப்பில் உலை கட்டி உருக்கை எடுத்தும் காட்டி, 1996 இல் வெளியிட்டார். தென்மேற்குப் பருவக்காற்றின் வேகத்தை மட்டும் வைத்து காபன் மிகுந்த உருக்கு அங்கே எடுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் காற்று தானாக உருக்குச் செய்யவில்லை. எந்த மாதத்தில் எந்தத் திசையிலிருந்து வீசும் என்று அறிந்தவர்கள் மலைச்சரிவின் விளிம்பில் அதற்கு முகங்கொடுத்து உலையைக் கட்டினார்கள். எங்கள் மீது வீசியதற்கு அப்படி எவரும் உலை கட்டிவைத்திருக்கவில்லை. தப்பியவர்கள் நிமிர்ந்து நிற்கிறார்கள் என்றால், அதன் புகழ் அவர்களுக்கும், பிறகு அவர்களைக் கையிலெடுத்துப் பார்த்துக்கொண்ட மனிதர்களுக்கும் உரியது. நெருப்புக்கு அதில் ஒரு பங்கும் இல்லை.

மட்டக்களப்பின் கடற்கரை ஊரான நாவலடியில் தன் பிள்ளைகளில் ஒன்றைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு எங்கள் ஒழுங்கைக்குக் குடிவந்த ஓர் அக்காவை நான் அறிவேன். அவர் அழுது எவரும் பார்த்ததில்லை. எஞ்சிய பிள்ளைகளைக் கடும் கண்டிப்போடு வளர்த்தார். எவரிடமும் ஒரு கொத்து அரிசி கைமாற்றுக் கேட்டதில்லை. வீட்டு முற்றத்தில் பிள்ளைகள் சிரித்துச் சத்தம் போட்டால் அவருடைய முகம் இறுகிவிடும். ஊரார் அவரை இரும்பு மனுசி என்றார்கள். சில வருடங்களுக்குப் பிறகு பக்கத்து முன்பள்ளியில் சமைத்துக்கொடுக்க ஆள் தேவைப்பட்டபோது, அங்கிருந்த ஆசிரியை ஒருவர் விடாமல் போய்ப் போய் அழைத்ததால், அரை மனதோடு அவர் போகத் தொடங்கினார். முதலில் சமையலோடு நின்றார். பிறகு சாப்பிட மறுக்கிற பிள்ளைகளுக்கு ஊட்டத் தொடங்கினார், அதன்பின் கதை சொல்லத் தொடங்கினார். கடலில் போன பிள்ளையின் பெயரை அவர் வாயிலிருந்து நான் முதன்முதலாகக் கேட்டது அந்த முன்பள்ளியின் வாசலில்தான். சொல்லிவிட்டுச் சிரித்தார், கண்ணும் கலங்கியிருந்தது.

அவருடைய துக்கம் குறைந்துவிட்டதா என்று நான் யோசித்ததுண்டு. குறையவில்லை என்றே நினைக்கிறேன், அதை விளங்கிக்கொள்ள எனக்கு உதவியது மறுபடியும் வார்ப்பிரும்புதான். சாதாரண சாம்பல் வார்ப்பிரும்பு ஏன் உடைகிறது என்றால், அதற்குள் இருக்கும் காபன் காரீயமாகப் பிரிந்து மெல்லிய செதில்களாகப் படிந்திருப்பதால். பென்சிலுக்குள் இருக்கும் அதே காரீயந்தான். ஒவ்வொரு செதிலின் கூரிய விளிம்பும் ஒரு விரிசல் தொடங்குவதற்கான இடம். 1940களில் ஆய்வாளர்கள் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள்: உருகிய இரும்பில் மிகச் சிறிதளவு மக்னீசியத்தைச் சேர்த்தால், நூற்றுக்கு ஒரு பங்கில் பத்தில் ஒன்றுக்கும் குறைவாக அது எஞ்சினாற்கூட, காரீயம் செதிலாகப் படியாமல் சிறு உருண்டைகளாகத் திரள்கிறது. காபனின் அளவு ஏறத்தாழ அதேதான். எடுத்து வெளியே வீசப்பட்டது எதுவும் இல்லை. ஆனால் விரிசலுக்கு வழிவிட்ட கூரிய விளிம்புகள் இல்லாமற் போனதால், முன்பு அடித்தால் வெடித்த வார்ப்பிரும்பு இப்போது வளைகிறது. இன்று நீர்க்குழாய்களும் வாகனங்களின் சுழல் தண்டுகளும் அந்த இரும்பில் செய்யப்படுகின்றன. அந்த அக்காவுக்குள் இருந்ததும் அப்படியே இருக்கிறது. அதன் விளிம்புகள்தான் மாறியிருக்கின்றன. அவரை அழைத்துக்கொண்டே இருந்த ஆசிரியை செய்தது அளவில் மிகச் சிறியது, ஒரு பிற்பகலும் சில கதவு தட்டல்களும் என்று சொல்லக்கூடியது. மறந்துவிடு என்று அவர் ஒரு நாளும் சொல்லவில்லை. துக்கப்படுகிறவர்களிடம் மறந்துவிடச் சொல்கிற வழக்கம் நம்மிடம் மிகுதி; காபனை முழுவதும் நீக்கிய இரும்பு கத்திக்கும் உதவாது, வில்லுக்கும் உதவாது என்பதை நினைத்தால் அந்த அறிவுரையை நாம் எளிதாகச் சொல்ல மாட்டோம்.

கடினமானதை மென்மையாக்க இன்னொரு முறையும் கம்மாலையில் உண்டு, அதற்குச் சம்மட்டியும் வேண்டாம், நீரும் வேண்டாம். ஒரு கம்பியை முன்னும் பின்னுமாக வளைத்துக்கொண்டே இருந்தால் வளைத்த இடம் இறுகி, கடைசியில் முறியும். ஓயாமல் அடிபட்ட இரும்பும் அப்படித்தான் இறுகுகிறது. அப்போது அதைச் செந்நிறமாகக் காய்ச்சி, சாம்பலுக்குள் புதைத்து, இரவு முழுவதும் அப்படியே விட்டுவிடுவார்கள். சாம்பல் சூட்டை விரைந்து போக விடாது. உள்ளே கலைந்து இழுபட்டிருந்த இரும்பின் நுண்மணிகள் புதிதாக ஒழுங்குபட அந்த நேரம் தேவைப்படுகிறது. பொறுக்காமல் பாதியில் கிளறி எடுத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இதை நான் இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் மத்திய கிழக்கு நாடுகளில் வீட்டு வேலை செய்து திரும்புகிற பெண்கள் ஏராளம். வேறொருவர் வீட்டில், வேறொருவர் மணிக்கூட்டுக்கு எழுந்து படுத்து, வருடக்கணக்காக ஒரே வேலையில் வளைந்து நிமிர்ந்துவிட்டு அவர்கள் வந்து இறங்குகிறார்கள். வந்த கிழமையிலேயே கொண்டுவந்த காசின் கணக்கைக் கேட்கிறோம். பிள்ளைகள் உடனே ஒட்டிக்கொள்ள வேண்டும் என்றும், அவர்களும் பழைய தாயாகவே சமைத்துப் பரிமாற வேண்டும் என்றும் எதிர்பார்க்கிறோம். ஒரு சொல் கடுமையாகப் பேசிவிட்டால், வெளிநாடு போய்க் குணம் கெட்டுவிட்டது என்கிறோம். என் உறவுக்குள்ளேயே அப்படி வந்த ஒருத்தியின் வீட்டில் அவளுடைய மாமியார் வேறு விதமாக நடந்துகொண்டார். மூன்று மாதத்துக்கு அவளிடம் எந்தக் கணக்கும் கேட்கக் கூடாது என்று மகனுக்குச் சொன்னார். விடிய எழுந்து பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிற வேலையைத் தானே செய்தார். அவள் பகலிலும் நித்திரை கொண்டால் கதவைச் சாத்திவிட்டுப் போனார். அந்த மூன்று மாதம் முடிவதற்கு முன்பே அவள் தானாகக் காலையில் எழுந்து மகளுக்குத் தலை வாரத் தொடங்கியிருந்தாள். திரும்பி வந்தவர்கள் உள்ள ஒவ்வொரு வீட்டிலும் முதல் மாதங்களை இப்படி விட்டுக்கொடுக்க முடியும். அதற்குக் காசு செலவில்லை, கேட்க நினைக்கிற கேள்வியைச் சில கிழமைகள் தள்ளிப்போட்டால் போதும்.